கரண்ட் கிடாருக்கு நான் போட்ட கம்பி

போன மாதம் நம் வாத்தியக்காரர்கள் சங்கத்துக் கூட்டம் முடிந்ததும் கிடார் வாசிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். ஆளுக்கொரு கம்பிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல எது நல்லது ஸ்டெல்லாம்மா? மெல்லிசா, தடிமனா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டேன். கிழவிக்குத் திமிர் என்று பேசியிருப்பீர்கள். திமிர்தான். அது இல்லாமல் நாற்பது வருஷம் வாத்தியக் கோஷ்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு. கம்பி தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை நான் இரண்டே நாளில் கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு நாளையும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது, சாந்தோமில் வீடு. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்களோடு சேர்ந்து, மடியில் படுக்கவைத்து இரும்புத் துண்டால் வழித்து வாசிக்கிற கிடாரைப் பழகியிருந்தேன். அடையாறு பக்கம் இருந்த ஒரு படக் கம்பெனியில் கோரஸ் பாடப் போனேன். அங்கே ஒரு மூலையில் ஒரு மின்சார கிடார் கிடந்தது. மவுண்ட் ரோடு ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் பட்டாளத்துக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். கோஷ்டியில் எல்லாரும் அதைக் கரண்ட் கிடார் என்றுதான் சொல்வார்கள். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயம். மாண்டலின் வாசிக்கிற பாலு ஒரு மரப் பலகைமேல் ஏறி நின்றுகொண்டுதான் அதை நகர்த்துவார்.

நான் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்னக் கீர்த்தனையின் பல்லவியை அதில் இழுத்துக் காட்டினேன். எங்கள் இசையமைப்பாளர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "சரி, நீயே வாசி" என்றார். அப்படித்தான் எனக்கு அந்த நாற்காலி வந்தது.

வந்தது என்று சொன்னேன், அது அரை உண்மை. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் தினமும் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். மேலே வாத்தியக்காரர்கள் பெயர், கீழே கோரஸ் பாடுகிறவர்கள் பெயர். எட்டு மாதமாக நான் கிடார் வாசித்தும் என் பெயர் கீழேதான் இருந்தது. கோரஸில் பெயர் இருக்கிறவளை எந்த நிமிஷமும் எழுப்பிப் பாட நிறுத்தலாம், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம். மேலே பெயர் இருக்கிறவரை அப்படிச் செய்ய முடியாது. மேலே போடச் சொல்லிக் கேட்டால், அந்தப் பாடகர் வரட்டும், இந்தப் படம் முடியட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னார்கள். அந்தக் காகிதத்தின் மேல் பாதியில் என் பெயர் வரவேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை.

இனி கம்பிக்கு வருகிறேன். கிடாரோடு வந்த கம்பிகளை சாந்தோம் உப்புக் காற்று தின்றுவிட்டது. கிடாரை நான் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம், அதனால் வந்த வினை. எண்ணெய்த் துணியால் துடைத்தும் துரு ஏறிக்கொண்டே இருந்தது. சீமையிலிருந்து கம்பி வருவது யுத்தத்தால் நின்றுபோயிருந்தது. ஒரு பெரிய பாட்டு ஒலிப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கீழ்ச் சுருதிக் கம்பிகள் இரண்டு அடுத்தடுத்து அறுந்தன.

கோஷ்டியில் வீணை வாசித்த மணி ஐயர் மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர். "கொழந்தே, எங்காத்துல வீணைக் கம்பி ரெண்டு ஜதை இருக்கு. எடுத்துண்டு போயேன். கம்பி கம்பிதானே" என்றார். நான் அவர் வீட்டுக்குப் போய் வாங்கிவந்தேன். வீணையில் உச்சத்துக்கு எஃகுக் கம்பி, மந்தரத்துக்குப் பித்தளைக் கம்பி. கிடாரிலும் அதே மாதிரி மேலே மூன்று எஃகு, கீழே மூன்று பித்தளை என்று கட்டினேன். முனையில் முடிச்சு நிற்பதற்குச் சின்னப் பித்தளை வளையங்கள் போட்டேன். வீட்டில் மீட்டிப் பார்த்தால் பித்தளை தேனாக இழைந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி கம்பெனியில்தான் இருந்தது, அதை யாரும் வீட்டுக்குத் தூக்கிவர முடியாது. ஒலிப்பதிவு அன்று ஒரு மணி நேரம் முன்னால் போய் அதில் போட்டுக் கேட்டிருக்கலாம். போகவில்லை. என் காது போதும் என்று நினைத்தேன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அது என் தப்பு, வேறு யாருடையதும் இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

அன்றைய பாட்டு கிடாரில்தான் தொடங்கும். கதாநாயகன் ஊரைவிட்டுப் போகிறான், வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல் கிடாரின் கீழ்க் கம்பிகள் மட்டும் கொஞ்ச நேரம் பேசவேண்டும். அப்புறம்தான் வயலின்கள் சேரும். பாட்டையும் அப்போது பிலிமில்தான் பதிவார்கள், யுத்தத்தால் அதற்குக் கட்டுப்பாடு. ஒரு அடி வீணானாலும் முதலாளி குதிப்பார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. நான் வாசித்தேன். என் காதுக்கு அருகில் கம்பி அழகாக அதிர்ந்தது, தூரத்து மூலையில் மைக்குக்கு முன்னால் இருந்த பெட்டியை நான் கவனிக்கவில்லை. வயலின்கள் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தன. பாட்டில் பாதி போனபிறகு கண்ணாடி அறைக் கதவு திறந்தது. அதுவரை உள்ளே குமிழ்களைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்த சவுண்ட் இன்ஜினீயர் வெளியே வந்து என்னைப் பார்த்து, "கிடார் எங்கேம்மா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் மீட்டச் சொன்னார். மேல் மூன்று கம்பியும் பெட்டியில் கணீரென்று வந்தன. கீழ் மூன்றில் கொசு ரீங்காரம்கூட இல்லை. இன்ஜினீயர் ஒயரை ஆட்டிப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பாதி ரோல் பிலிம் போய்விட்டது.

இசையமைப்பாளர் எழுந்து நின்றார். அவருடைய வெற்றிலை வாயில் இருந்து நிதானமாக வந்தது அந்த வார்த்தை. "பொம்பளை கையில கரண்ட் சாமானைக் குடுத்தா இதான் கதி." வயலின் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள்.

என் முகம் கொதித்தது. "சத்தம் வரலேன்னா கம்பியைக் கேளுங்க சார். பொம்பளையை ஏன் கேக்கறீங்க?" என்றேன். அந்தக் கூடத்தில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் குரல் உயரவில்லை. "நாளைக்குக் காலையில ஒம்பது மணி. ஆறு கம்பியும் பேசணும். பேசலேன்னா நீ கோரஸ்ல போய் நில்லு, பாலு வாசிப்பான்" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் கலையச் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாம் செய்த தப்பு ஒன்று, அதைச் சாக்கிட்டு நம்மேல் வீசுகிற வசை இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைப்பார்கள். தப்பை வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு நான் வசையை இறக்கிவைத்தேன், சரி. கோபத்தில் தப்பையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டேன்.

கிடாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போனேன். வாத்தியக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வயலின் வில்லுக்குத் தேய்க்கிற ஒரு ரோஜனக் கட்டியும் இரண்டு ஊதலும்தான் இருந்தன. "யுத்தம் முடிஞ்சு வாம்மா" என்றார் கடைக்காரர். அங்கிருந்து டிராம் பிடித்து மயிலாப்பூருக்கு வந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் காதர் பாய் என்று ஒருவர் ஹார்மோனியம், பியானோ எல்லாம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக அதே சந்து, அதே வேலை. வீட்டுக்குள் உருது, வாசலில் எங்கள் பட்டணத்துத் தமிழ். எனக்குப் பழக்கமானவர். யாருக்கும் பிடித்த பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"பொட்டி அவுட்டா பூட்ருக்கும். கம்பில இன்னா கீது? அது பாட்டுக்கு சொம்மா ஆடிக்கினு கீது" என்று அடித்துச் சொன்னார்.

"மேல் கம்பி மட்டும் எப்படி பாய் வருது?"

"அது எனக்கு இன்னா தெரியும்? நான் இன்னா கரண்ட் ஆபீஸா?"

அவர் மேஜைமேல் பழைய பியானோவிலிருந்து பிடுங்கிய இரும்பு முளைகளும், ஹார்மோனியத்திலிருந்து கழற்றிய பித்தளை நாக்குகளும் கலந்து கிடந்தன. கிடாரை வைக்க இடம் இல்லாமல் அவற்றின்மேலேயே சாய்த்து வைக்கப் போனேன். எங்கள் கிடாரில் கம்பிகளுக்குக் குறுக்கே குதிரை லாடம் மாதிரி வளைந்த தடித்த இரும்பு ஒன்று இருக்கும். அது மேஜைக்கு அருகில் போனதும் முளைகள் நாலைந்து துள்ளி அதில் ஒட்டிக்கொண்டன. பித்தளை நாக்குகள் கிடந்த இடத்தில் கிடந்தன.

நான் கிடாரைத் தூக்கினேன், மறுபடியும் இறக்கினேன். மறுபடியும் இரும்பு மட்டும் வந்தது. அதற்குள் இருப்பது காந்தம். அது இரும்பு ஆடினால்தான் கேட்கும். பித்தளை ஆடினால் அதற்குத் தெரியாது. மணி ஐயர் வீட்டு வீணைக்குக் குடம் இருக்கிறது, குடத்துக்கு எந்த உலோகமும் ஒன்றுதான். இந்த வாத்தியத்துக்கு வயிறும் கிடையாது, குடமும் கிடையாது, காந்தம் ஒன்றுதான் காது. எட்டு மாதம் மடியில் வைத்துக்கொண்டிருந்தும் நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

"பாய், பியானோக் கம்பி இருக்கா?"

"கீது. எதுக்கு?"

"கீழ்க் கம்பி மூணுக்கும்."

காதர் பாய் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பியானோக் கம்பியை இதுல ஏத்தினா கழுத்து முறிஞ்சு பூடும்மா. கம்பெனி வாத்தியம். நாளைக்கு உன்னையும் பிடிப்பான், என்னையும் பிடிப்பான்."

"இது வெறும் பலகை பாய். உள்ள காலியே இல்ல. தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு டப்பா நிறையச் சுருள்களைக் கொண்டுவந்தார். இருப்பதில் மெல்லிய சுருளை எடுத்து நீட்டி, "இத்த போடு. இழுவை கம்மி. வாத்தியத்துக்கும் ஆபத்து இல்ல, உன் கைக்கும் நோவு இல்ல" என்றார்.

இங்கேதான் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வி வருகிறது. மெல்லிசா, தடிமனா? மெல்லிய கம்பி சுலபம். சீக்கிரம் சுருதிக்கு ஏறும், விரல் வலிக்காது. ஆனால் கீழ்ச் சுருதியில் அது தொளதொளவென்று தொங்கும், மேலே இரும்புத் துண்டை வைத்தால் அமுங்கும், அமுங்கினால் ஸ்வரம் விலகும். நாளைய பாட்டு அந்தக் கீழ்க் கம்பிகளில்தான் தொடங்குகிறது. பாட்டு எது, அதில் எந்தக் கம்பிக்கு வேலை, என் கை எவ்வளவு கனம், இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு நான் தடித்த சுருள்கள் மூன்றை எடுத்தேன். உங்கள் கேள்விக்கு இதற்குமேல் பதில் கிடையாது. கடைக்காரர் சொல்கிறார், பக்கத்துக் கோஷ்டிக்காரர் போட்டிருக்கிறார் என்று எடுக்காதீர்கள். உங்கள் பாட்டையும் உங்கள் கையையும் கேளுங்கள்.

"கழுத்து ஒடிஞ்சா?" என்று மறுபடியும் கேட்டார் பாய்.

"கூடவே என் கழுத்தும் ஒடியட்டும் பாய்."

"உன் கழுத்து ஒடியாது. அது ஒரு மாதிரி கழுத்து" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

எஃகு முரட்டுத்தனமாக இருந்தது. முறுக்கும்போது ஒரு கம்பி தெறித்து என் உள்ளங்கையைக் கிழித்தது. கழுத்து ஒடியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே கம்பெனி வாசலில் போய் நின்றேன். வாசல் காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னாம்மா, பால்காரனுக்கு முன்னாடி வந்துக்கினே" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். இன்ஜினீயரின் உதவியாளரைக் கெஞ்சிப் பெட்டியைப் போடச் சொன்னேன். கீழ்க் கம்பியை மீட்டினேன். கூடத்தின் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது அந்த ஓசை. ஆறும் பேசின. வாத்தியக்காரர்கள் யாரும் வராத கூடத்தில் நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு இசையமைப்பாளர் வந்தார். அவர் கையில் ஒரு பளபளப்பான பாக்கெட். ஓட்டலில் தங்கியிருந்த ஒரு அமெரிக்கச் சிப்பாயிடமிருந்து யாரையோ பிடித்து வாங்கியிருக்கிறார். என்மேல் இருந்த கோபத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அலைந்திருக்கிறார் பாவம். பாக்கெட்டை என் மடியில் போட்டு, "சீமைக் கம்பி. இதைக் கட்டு" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். மேல் கம்பி மூன்றும் ஆட்டுக் குடல் நரம்பு. கீழ்க் கம்பி மூன்றும் பட்டு நூல்மேல் வெள்ளிப் பூச்சுள்ள செப்புக்கம்பியைச் சுற்றியது. சாதாரணக் கிடாருக்கு அருமையான கம்பி. எங்கள் கிடாருக்கு ஆறும் ஊமை.

"சார், இது இதுல பேசாது."

"சீமையில செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?"

நான் என் கொண்டை ஊசியை உருவி அந்த லாட இரும்புக்கு அருகில் கொண்டுபோனேன். சட்டென்று ஒட்டிக்கொண்டது. சீமைக் கம்பி ஒன்றை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். வழுக்கி என் மடியில் விழுந்தது. "பாருங்க சார். இதுக்கு இரும்புதான் கேக்கும். நேத்து பித்தளை போட்டு நான் ஏமாந்தது அதனாலதான்."

"காந்தத்துல ஒட்டறதுக்கும் பாட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் சொல்றதை வாசிக்கறதுக்குத்தான் நீ" என்றார்.

மணி ஐயர் என் பக்கம் குனிந்து, "அவர் சொல்றபடி ஒருதரம் கட்டிடேன் கொழந்தே. பேசலேன்னா அவர் பாடு. நீ ஏன் பொல்லாப்பைத் தேடிண்டு" என்று முணுமுணுத்தார்.

அவர் சொன்னது நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. அப்படிச் செய்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரிந்தே தப்பான கம்பியைக் கட்டி, பாட்டு கெட்டபிறகு நான் அப்போதே நினைத்தேன் என்று சொல்பவர்கள். கெட்டுப்போன பாட்டில் கேட்கிறது யாருடைய கை? கம்பி வாங்கிக் கொடுத்தவர் கையை யாரும் கேட்கமாட்டார்கள். முந்தின நாள் தெரியாமல் ஊமைக் கம்பியோடு உட்கார்ந்தேன், அதற்கு மன்னிப்பு உண்டு. தெரிந்தபிறகும் உட்கார்ந்தால் எனக்கு அந்த நாற்காலியில் உரிமை இல்லை.

"நான் இதைக் கட்டமாட்டேன் சார்" என்றேன்.

கண்ணாடி அறையிலிருந்து இன்ஜினீயர் தலையை நீட்டி, "பாட்டுக்கு ஒரு ரோல்தான் சார் இருக்கு. பாடகர் தொண்டை இறங்கிண்டு வரது. காலையில உள்ள வரச்சே நான் கேட்டேன், இருக்கற கம்பி நன்னாத்தான் பேசறது. எடுத்துடலாமே" என்றார். இசையமைப்பாளர் என்னைப் பார்க்காமல் கையை அசைத்தார். மணி அடித்தது. வாசித்தேன். முதல் தடவையிலேயே பாட்டு முடிந்தது. இன்ஜினீயர் கட்டைவிரலைக் காட்டினார். வயலின்காரர்கள் வில்லால் ஸ்வரக் காகிதம் வைக்கிற சட்டத்தைத் தட்டினார்கள், எங்கள் கூடத்தில் அதுதான் கைதட்டல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இசையமைப்பாளர் என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார். "மத்தியானம் இதே மெட்டுல கதாநாயகி பாட்டு இருக்கு. நீ கோரஸ்ல நில்லு. பாலு, நீ கிடாருக்கு வா" என்றார்.

"ஏன் சார்? பாட்டு நல்லா வரலையா?"

"வந்துது. என் கோஷ்டியில நான் சொல்றதுதான் கம்பி" என்றார்.

நான் எழுந்தேன். கிடாரை மேஜைமேல் வைத்தேன். ஒவ்வொரு முறுக்காணியாகத் தளர்த்தி ஆறு கம்பியையும் கழற்றினேன். கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சுருட்டிச் சுருட்டி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பாலு, "ஸ்டெல்லா, இன்னா பண்றே?" என்றார்.

"கிடார் கம்பெனியோடது. கம்பி என்னுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் ஒரு வேப்ப மரம். அதன் கீழே நின்றேன். இரண்டு பஸ் போயின, ஏறவில்லை. அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னால் அது பொய். பயமாக இருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இனி எந்தக் கம்பெனியிலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள் என்று தோன்றியது. அழுதேன். காவலாளி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் ஒன்று, உள்ளே போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் மணி ஐயர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சீக்கிரம் வா. அந்தச் சீமைக் கம்பியைக் கட்டிப் பாத்தாச்சு. ஆறும் வாயே தெறக்கலை. பாலு அழாத குறையா உக்காந்துண்டிருக்கான். பாடற அம்மா சாயங்கால ரயிலுக்குப் போகணுமாம். உன்னைக் கூட்டிண்டு வரச் சொன்னார்."

"யார் சொன்னது?"

"அவர்தான். அவரேதான்."

நான் உள்ளே போனேன். கூடத்துக்குள் நுழையவில்லை. வாசலில், அன்றைய பெயர்க் காகிதம் ஒட்டியிருந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இசையமைப்பாளர் உள்ளிருந்து வந்தார். முகம் கறுத்திருந்தது. "வா, கம்பியைக் கட்டு" என்றார்.

"என் பேர் எங்க சார் இருக்கு?" என்று காகிதத்தைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். வயலின் இன்னார், வீணை இன்னார், மாண்டலின் இன்னார். கீழே கோரஸ் என்று கோடிட்டு, அதில் ஆறாவதாக ஸ்டெல்லா.

"அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம். நேரம் ஆகுது."

"இன்னைக்குத்தான் சார் நான் வாசிக்கப் போறது."

உள்ளே முப்பது பேர் காத்திருந்தார்கள். பாடுகிற அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோரஸில் இருந்த என் பெயரை அடித்தார். மேலே, மாண்டலினுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில், 'கிடார் - ஸ்டெல்லா' என்று எழுதினார். எழுத்து நெருக்கமாக, கோணலாக இருந்தது. படிக்க முடிந்தது.

அவர் பேனாவை மூடிய பிறகுதான் நான் பையைத் திறந்தேன்.